டார்வினும் பனித்துளிச் செடியும்

கோவளத்தில் எங்கள் தெருவில் ஒரு சிறுவன் இருக்கிறான். பூச்சிகளைப் பிடித்து உண்ணும் பனித்துளிச் செடி ஒன்றை ஆசையாக வாங்கி வந்தான். செழித்து வளரட்டும் என்று செம்மண்ணும் சாண எருவும் கலந்த தொட்டியில் நட்டான். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றினான். சில வாரங்களில் செடி கருகிவிட்டது. பாவம், அழுதே விட்டான். இவ்வளவு எரு போட்டும் செடி ஏன் பிழைக்கவில்லை? அதைத் தெரிந்துகொள்ள ஒரு பெரிய விஞ்ஞானியின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் சார்லஸ் டார்வின். 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். வண்டுகளைச் சேகரிப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. 1831 முதல் 1836 வரை பீகிள் என்ற கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூல் உலகையே வியக்க வைத்தது.

அடுத்த ஆண்டு கோடையில் சசெக்ஸ் பகுதிக்குச் சென்றிருந்தார். அங்கே பனித்துளிச் செடிகளைக் கண்டார். தாவரவியலில் இதன் பெயர் ட்ரோசிரா. இலை முழுவதும் சிவந்த முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியிலும் பசை போன்ற துளி. 12 செடிகளைப் பறித்து எண்ணிப் பார்த்தார். விரிந்திருந்த 56 இலைகளில் 31 இலைகளில் பூச்சிகள் செத்து ஒட்டியிருந்தன! இது தற்செயலாக நடந்திருக்குமா என்ற கேள்வி அவரை விடவில்லை.

வீட்டிலேயே சோதனைகளைத் தொடங்கினார். இலைமேல் இறைச்சித் துணுக்கு, பால், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றை வைத்தார். முடிகள் வளைந்து பிடித்துக்கொண்டன. சர்க்கரைக் கரைசலையும் எண்ணெயையும் வைத்தார். முடிகள் அசையவில்லை. நைட்ரஜன் சத்து உள்ள பொருளைச் செடி அடையாளம் காண்கிறது என்று புரிந்துகொண்டார். இச்செடி வளரும் சதுப்பு நிலத்தில் அந்தச் சத்து மிகக் குறைவு. செடிக்கு வேர்களும் சிறியவையே. மண்ணில் கிடைக்காததை அது பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது!

உடல்நலம் அடிக்கடி குன்றியபோதும் அவர் பொறுமையை இழக்கவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 1875இல், பூச்சி உண்ணும் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். ஆனால் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. பூச்சி கிடைக்காமலும் செடி வளர்கிறதே என்றார்கள். நல்ல கேள்விதான், இல்லையா?

விடை தேடியவர் டார்வினின் மகன் பிரான்சிஸ். 1877 ஜூன் மாதம் சுமார் 200 செடிகளைக் கொண்டுவந்தார். எருவுள்ள மண்ணில் நட்டால் உண்மை தெரியாது அல்லவா? அதனால் சூப் தட்டுகளில் பாசியை நிரப்பி நட்டார். நடுவே மரத் தடுப்பு வைத்தார். பூச்சி வராமல் வலைத்துணியால் மூடினார். ஒரு பக்கச் செடிகளுக்கு மட்டும் வறுத்த இறைச்சித் துணுக்குகளைக் கொடுத்தார். முடிவில், உணவு பெற்ற செடிகளின் விதைகள் எண்ணிக்கையில் ஏறக்குறைய இரண்டரை மடங்கும், எடையில் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தன. தந்தை சொன்னது சரியே என்று உறுதியானது. 1882 ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார்.

இப்போது புரிகிறதா குழந்தைகளே? சத்தில்லாத ஈர நிலத்துக்குப் பழகிய செடிக்கு எருவும் உப்பும் நஞ்சு. எனவே ஸ்பேக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியில் நடலாம். அதனுடன் நன்றாகக் கழுவிய பருமணலும் சேர்க்கலாம். தென்னை நார்த்தூள் பயன்படுத்தினால், உப்புப் போகப் பலமுறை அலச வேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

தமிழ்நாட்டிலும் ட்ரோசிரா வகைகள் இயற்கையாக வளர்கின்றன. எங்கேனும் கண்டால் பறிக்காமல், உட்கார்ந்து பாருங்கள். எங்கள் தெருச் சிறுவன் மொட்டை மாடியில் மழைக்காக வாளி வைத்துக் காத்திருக்கிறான். அன்பு இருந்தால் மட்டும் போதாது. எதற்கு என்ன தேவை என்று அறிந்து கொடுப்பதே உண்மையான அன்பு.