பேராசிரியர் அம்பேத்கர் கேட்ட இடம்

நம் ஊர்களில் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் சிலையின் கையில் அரசியல் சட்டப் புத்தகம் இருக்கிறது. அதனால் அவரைச் சட்ட மேதையாகவே அறிந்து வைத்திருக்கிறோம். அவர் கல்லூரி வகுப்பறையில் பாடம் நடத்திய ஆசிரியர். பல்கலைக்கழகத்தை ஆளும் சபையில் யார் யார் உட்கார வேண்டும் என்று வாதாடியவர். இது மாணவர்களுக்கே அதிகம் தெரியாது.

1891 ஏப்ரல் 14-ல் பிறந்தவர், 1912-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டனிலும் படித்தார். திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடமின்றி அவர் பட்ட அவமானத்தை நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். மாதச் சம்பளம் 450 ரூபாய். அவர் பாடத்தைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆனால் பேராசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். இந்தப் பானையை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விட வேண்டாம். வேலை உத்தரவு கிடைத்துவிட்டால் மட்டும் ஒருவரை ஆசிரியர் கூட்டம் தன்னில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தக் கூட்டம் ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதியை அனுப்பினால் யாரை அனுப்பும்?

1920-ல் வேலையை விட்டு மறுபடி லண்டன் போனார். 1923-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். அப்போது பம்பாய் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. அதைச் சீர்திருத்த சிமன்லால் சேதல்வாட் தலைமையில் குழு அமைத்தபோது அண்ணல் எழுத்தில் கருத்து அனுப்பினார். தேர்வு நடத்துவது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல. கற்பித்தலும் ஆராய்ச்சியும் அங்கே சேர்ந்து நடக்க வேண்டும் என்றார்.

1927-ல் பம்பாய் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். அந்த ஆண்டே பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தது. செனட் என்பது பல்கலைக்கழகத்தின் பேரவை. பட்டதாரிகள் ஓட்டுப் போட்டு அதற்கு ஆள் அனுப்பினால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இடமே கிடைக்காது என்பது அவர் வாதம். அன்றைக்குப் பட்டதாரிகளில் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆகவே பின்தங்கிய வகுப்பாரை நியமனம் செய்தாவது உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டார். பாடத்தை எப்படி நடத்துவது என்பது அறிஞர்களுக்குத் தெரியலாம். சேரிப் பிள்ளை ஏன் கல்லூரி வாசலிலேயே திரும்பிப் போகிறான் என்பது அந்தச் சேரியில் இருந்து வந்தவருக்குத்தான் தெரியும். நியமனம் என்றாலே மேலிடத்துக்குத் தலையாட்டுபவரைப் போடுவார்கள் என்ற குறையும் உண்டு, நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் அன்று அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

பிறகு அரசு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1935-ல் அதன் முதல்வரானார். பத்து ஆண்டு கழித்து, 1945-ல், மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. 1950-ல் ஔரங்காபாத்திலும் ஒரு கல்லூரி வந்தது. 1956 டிசம்பர் 6-ல் மறைந்தார்.

அவர் வாதாடிய பல்கலைக்கழகம் இன்று மும்பைப் பல்கலைக்கழகம். 2016-ல் வந்த மகாராஷ்டிர பொதுப் பல்கலைக்கழகச் சட்டப்படி, செனட்டுக்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களிலேயே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. கல்லூரி மாணவர்கள் தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட், செனட் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.