குளியலறையில் பிறந்த வண்ணம்

சென்ற ஆண்டு விடுமுறையில் ஈப்போ வீட்டிற்குச் சென்றிருந்தபோது, தாத்தாவின் இரும்புப் பெட்டியில் ஒரு கோடாக்குரோம் பிலிம் சுருள் கிடைத்தது. படம் எடுக்கப்பட்டிருந்தது, ஆனால் கழுவப்படவில்லை. தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா எதையும் வீணாக்காதவர். அதை ஏன் கழுவக் கொடுக்காமல் விட்டார் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டியின் அறுபதாவது பிறந்தநாளில் எடுத்ததாக இருக்கலாம் என்றார் அம்மா. பாட்டி அதன் பிறகு அதிக நாள் வாழவில்லை. நானே கழுவித் தருகிறேன் என்று வீரம் பேசிவிட்டேன்.

வண்ண பிலிமை வீட்டிலேயே கழுவலாம். அதற்கான மருந்துகள் ஒரு பெட்டியாகவே விற்கப்படுகின்றன. முதலில் நான் எடுத்த ஒரு சாதாரண வண்ணச் சுருளில் பழகிப் பார்த்தேன். வெளிச்சம் புகாத பையினுள் சுருளைத் தொட்டியில் ஏற்றி, 38 பாகை வெப்பத்தில் 3 நிமிடம் 15 வினாடி டெவலப்பரில் வைக்க வேண்டும். பிறகு வெளுக்கும் மருந்து, நிலைநிறுத்தும் மருந்து, கழுவல். நான் வாளி நீரின் சூட்டைக் கவனிக்கத் தவறினேன். படங்கள் வெளிறி, நிறம் பிசகி வந்தன. இரண்டாவது சுருள் நன்றாகவே அமைந்தது. ஆனால் தாத்தாவின் சுருளுக்கு இந்த மருந்து உதவாது என்று அப்போதுதான் தெரிந்தது. காரணம் தேடியபோது அறிமுகமானவர்தான் லியோபோல்ட் மேனஸ்.

மேனஸ் 1899 டிசம்பர் 26இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வயலின் கலைஞர்; தாய் பியானோ கலைஞர். இருவரும் 1916இல் ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கினர். மகனும் பியானோ கற்றார். பள்ளித் தோழர் லியோபோல்ட் காடோவ்ஸ்கி வயலின் வாசிப்பவர். 1917இல் இருவரும் வண்ணப்படம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு திரைப்படத்திற்குச் சென்றனர். அதன் நிறங்கள் அவர்களுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. நாமே இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று பள்ளியின் இயற்பியல் கூடத்தில் சோதனையைத் தொடங்கிவிட்டனர்.

மேனஸ் ஹார்வர்டில் படித்து முடித்த பின்னும் அந்த ஆசை விடவில்லை. 1920களின் தொடக்கத்தில் பெற்றோர் வீடுகளின் சமையலறையும் குளியலறையுமே அவர்களின் ஆய்வுக்கூடம். பகலில் இசை, எஞ்சிய நேரத்தில் மருந்துகள். முழு இருட்டில் கடிகாரத்தைப் பார்க்க முடியாதல்லவா? பிராம்ஸின் சிம்பொனிப் பகுதி ஒன்றை வினாடிக்கு இரண்டு தாளம் என்ற கணக்கில் சீட்டியடித்தே நேரத்தை அளந்தார்கள்! கோடாக் ஆய்வுத் தலைவர் மீஸ் அவர்களுக்கு உதவினார். 1930இல் இருவரும் ரோச்செஸ்டரில் உள்ள கோடாக் ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்தனர். அங்கிருந்தோர் அவர்களின் பெயர்களைச் சுருக்கி, கடவுளும் மனிதனும் என்று ஆங்கிலத்தில் பொருள்படும்படி வேடிக்கையாக அழைத்தார்களாம்.

1935இல் கோடாக்குரோம் சினிமா பிலிமாக வெளிவந்தது. மறு ஆண்டு நிழற்படக் கருவிகளுக்கும் வந்தது. ஒரே பிலிமில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளுக்கு மூன்று அடுக்குகள். இன்றைய வண்ண பிலிமில் சாயத்தை உருவாக்கும் பொருள் அடுக்குகளிலேயே இருக்கிறது. கோடாக்குரோமில் அது இல்லை. கழுவும்போதுதான் ஒவ்வோர் அடுக்கிற்கும் தனித்தனியே நிறம் ஏற்ற வேண்டும். பெரிய கூடங்களால் மட்டுமே இயன்ற வேலை அது. குளியலறையில் கருவான பிலிமை, எவரும் தம் குளியலறையில் கழுவ முடியாமல் போனது விந்தைதான்.

புகழின் உச்சியில், 1939இல், மேனஸ் கோடாக்கை விட்டு இசைக்கே திரும்பினார். பெற்றோரின் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். மூவர் குழு அமைத்துக் கச்சேரிகள் செய்தார். 1964 ஆகஸ்ட் 11இல் காலமானார். ஒரு துறையைத் தேர்ந்தால் மற்றதை மறந்துவிடு என்று நம்மில் பலருக்கும் வீட்டில் அறிவுரை கிடைத்திருக்கும். நண்பர்களே, அப்போதெல்லாம் இந்தச் சீட்டியொலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடாக்குரோம் தயாரிப்பு 2009இல் நின்றது. அதைக் கழுவிய கடைசிக் கூடமும் 2010 டிசம்பர் 30உடன் சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. இனி அதைக் கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். வேறு வழியின்றி நானும் அப்படியே செய்தேன். பிலிமின் முதுகிலிருந்த கரும்பூச்சைச் சோடா உப்பு நீரில் ஊறவைத்துத் துடைத்தெடுத்தேன். நான்கு படங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஒன்றில் தோட்டத்து வீட்டு வாசலில் பாட்டி நிற்கிறார்.

அம்மா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தச் சேலை மாம்பழ நிறம், கரை பச்சை என்று சொன்னார். படத்தின் பின்புறத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.