தோட்டாவின் வேகத்தை ஊசல் வைத்து அளந்தவர்

வேட்டைத் துப்பாக்கிக்குச் சொந்தமாகத் தோட்டா தயாரிப்பவர்கள், அதன் வேகத்தை அளந்து பார்க்காமல் விட மாட்டார்கள். வேகம் மாறினால் குறி மேலே, கீழே போய்விடும். இப்போ அதுக்குக் கருவி இருக்கு. 1740களில்?

அதை யோசிச்சவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரே வேண்டாம் எனும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் (முரண்தான்!). கனமான மரக்கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டு அதில் சுட்டார். கட்டை எவ்வளவு ஆடியது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டார். அவ்வளவுதான்! 1742இல் அது நூலாக வந்தது. காற்று குண்டை எவ்வளவு பலமாகத் தடுக்கிறது என்பதும் அதில் தெரிந்தது.

சரி, உருண்டைக் குண்டு ஏன் வளைஞ்சு போகுது? கண்டபடி சுழல்வதால் என்றார் ராபின்ஸ். குழாயின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டும் காட்டினார். முதலில் இடப்பக்கம் போன குண்டு, பிறகு வலப்பக்கம் திரும்பியது! வழியில் தொங்கவிட்ட மெல்லிய காகிதத் திரைகளில் விழுந்த ஓட்டைகளே சாட்சி. உள்ளே சுருள்வரி வெட்டிய குழாய், அதாவது ரைபிள், அந்தச் சுழற்சியை ஒழுங்குபடுத்தும் என விளக்கினார்.

1750இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்த இந்தியா வந்தார். காய்ச்சல் விடவில்லை. மறு ஆண்டே செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். அது எங்கே என்கிறீர்களா? தமிழ்நாட்டின் கடலூரில்தான்.