தாவரங்களின் வேதியியலர்

கிருஷ்ணகிரி மாவட்டம் மாந்தோப்புகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. கனியைக் கூழாக்கும் நாம், அம்மரத்தின் இலையையும் பட்டையையும் பொருட்படுத்துவதில்லை. அவற்றில் மாஞ்சிஃபெரின் என்னும் மஞ்சள்நிறச் சேர்மம் உள்ளது. அதன் அமைப்பை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், வேதியியல் அறிஞர் டி. ஆர். சேஷாத்ரி.

சேஷாத்ரி 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் காவிரிக்கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் இராபின்சனிடம் ஆய்வு செய்து 1929இல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியதும் நம் மண்ணின் தாவரங்களையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

பென்சீன் வளையம் உடையவற்றை அரோமேட்டிக் சேர்மங்கள் என்பர். மணத்தைக் குறிக்கும் பெயராயினும், அவை யாவும் மணப்பதில்லை. மலருக்கும் மரக்கட்டைக்கும் நிறமூட்டும் பிளேவனாய்டுகளும் அவ்வினத்தனவே. சேஷாத்ரி இவற்றைக் கரைப்பான்களால் பிரித்தெடுத்துப் படிகமாக்கித் தூய்மைப்படுத்தினார்; பின்னர் மூலக்கூறைச் சிதைத்து அதன் உறுப்புகளை அறிந்தார். அத்துடன் அமையாது, அதே சேர்மத்தை ஆய்வகத்தில் தொகுத்து, இயற்கைப் பொருளோடு ஒப்பிட்டுத் தம் முடிவை உறுதிசெய்தார்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அவர் வேதியியல் துறையை வளர்த்துவந்த வேளையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பல்கலைக்கழகம் வால்டேரிலிருந்து குண்டூருக்கு இடம்பெயர நேர்ந்தது. ஆய்வகம் இடம் மாறியபோதும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்கும் இயற்கைப்பொருள் வேதியியலுக்குச் சிறந்ததோர் ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார்.

மாஞ்சிஃபெரின் எளிதில் பிடிபடவில்லை. பொதுவாகத் தாவரச் சேர்மங்களில் சர்க்கரைப் பகுதி ஆக்சிஜன் வழியாக இணைந்திருக்கும். அமிலத்தால் அதனைப் பிரித்துவிடலாம். மாஞ்சிஃபெரினிலோ குளுக்கோஸ் நேரடியாகக் கார்பனோடு பிணைந்துள்ளது. ஆதலின் அமிலத்திற்கு எளிதில் பிரிவதில்லை. பல நாட்டு அறிஞர் முயன்ற இச்சிக்கல் குறித்துச் சேஷாத்ரியும் அவர்தம் மாணவரும் 1967இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

1960இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1963இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களை உருவாக்கிய அவர், 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார். நம் தோட்டத்து இலையின் உட்பொருளை நம் ஆய்வகத்திலேயே நாமே கண்டறிய இயலும் என்னும் தன்னம்பிக்கையே அவர் விட்டுச்சென்ற செல்வம்.