காவி கட்டிய ரோமாபுரிப் பாதிரியார்

காவி உடை. நெற்றியில் சந்தனம். கையில் கமண்டலம். தலையில் குடுமி.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் இந்தக் கோலத்தில் ஒரு துறவி வாழ்ந்தார். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவார். அதுவும் சைவ உணவு. நல்ல தமிழில் பேசுவார்.

அவர் பிறந்த நாடு எது தெரியுமா? இத்தாலி!

அவர் பெயர் ராபர்ட் டி நொபிலி. தமிழ்நாட்டில் அவர் பெற்ற பெயர் தத்துவ போதகர்.

பிரபு குடும்பம்

நொபிலி 1577-ம் ஆண்டு பிறந்தார். பெரிய பிரபு குடும்பம். உறவினர்களில் கர்தினாலும் உண்டு. செல்வத்தை உதறிவிட்டு அவர் ஏசு சபையில் சேர்ந்தார். 1605-ல் கோவாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். மறு ஆண்டு மதுரைக்குப் போனார்.

அப்போது மதுரையில் நாயக்க மன்னர்கள் ஆட்சி நடந்தது. அங்கே பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பல ஆண்டுகளாக ஊழியம் செய்து வந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். ஆனாலும் மதுரைக்காரர் யாரும் அவருடைய மதத்தில் சேரவில்லை.

ஏன் என்று நொபிலி யோசித்தார். காரணம் விளங்கியது.

வெள்ளைக்காரர்களை மக்கள் பரங்கி என்று அழைத்தார்கள். பரங்கி மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், குளிக்காதவன் என்பது மக்கள் எண்ணம். கிறிஸ்தவனாக வேண்டுமானால் பரங்கியாகவும் மாற வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

கோலம் மாறியது

நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி தரித்தார். தனியாக ஒரு மண் வீட்டில் குடியேறினார். இறைச்சியையும் மதுவையும் விட்டார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். தெலுங்கும் கற்றார். தமிழில் ஞானோபதேச காண்டம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார்.

அவரோடு வாதம் செய்யப் பண்டிதர்கள் வந்தார்கள். சிலர் அவருடைய மதத்தில் சேர்ந்தார்கள். பூணூலையும் குடுமியையும் விட வேண்டியதில்லை என்று அவர்களிடம் அவர் சொல்லிவிட்டார்.

ரோம் வரை போன வழக்கு

இங்கேதான் சண்டை பிறந்தது. நொபிலி கிறிஸ்தவரை இந்துவாக்குகிறார் என்று பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார்.

பூணூல் மதச் சின்னமா, குலச் சின்னமா? இதுதான் கேள்வி. அது குலத்தையும் மதிப்பையும் காட்டுவது, தெய்வத்தைக் குறிப்பதல்ல என்று நொபிலி வாதாடினார். 1619-ல் கோவாவில் விசாரணை நடந்தது. பிஷப்புகள் பலர் அவரை எதிர்த்தார்கள்.

வழக்கு ரோமுக்குப் போனது. 1623-ல் போப்பாண்டவர் 15-ம் கிரகோரி தீர்ப்பு வழங்கினார். விக்கிரக வழிபாட்டோடு கலக்காதவரை பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்குத் தடை இல்லை என்றார். நொபிலி வென்றார்.

இன்னொரு பக்கம்

ஊர் வழக்கத்தை ஏற்றபோது ஊரில் இருந்த சாதி வேற்றுமையையும் நொபிலி ஏற்றுக்கொண்டார். பெர்னாண்டஸின் கோவிலுக்கு வந்த பரதவர்களிடமிருந்து விலகியே வாழ்ந்தார். தாழ்த்தப்பட்ட மக்களிடம் செல்வதற்கென்று 1640 முதல் பண்டாரசாமி என்ற வேறு வகைத் துறவிகள் ஏற்பட்டார்கள். ஒரே மதம், இரண்டு வாசல்! இந்தக் குறையை மறைத்து அவர் கதையைச் சொல்ல முடியாது.

கடைசிக் காலம்

1640-ல் மதுரையில் அவர் சிறையில் அடைக்கப்பட்டார். முதுமையில் கண் பார்வை மங்கியது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு, பிறகு மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு குடிசையில் வாழ்ந்து, 1656 ஜனவரி 16-ந் தேதி காலமானார்.

அவர் வென்ற வழக்கும் நிலைக்கவில்லை. 1744-ல் 14-ம் பெனடிக்ட் போப்பாண்டவர் பல உள்ளூர் வழக்கங்களைத் தடை செய்தார்.

ஆனால் சொற்களை யாரும் தடை செய்யவில்லை. கோவில், பூசை, குரு, வேதம் ஆகிய சொற்களை நொபிலியும் அவர் வழியில் வந்தவர்களும் கிறிஸ்தவர்களின் வழக்கில் நிலைபெறச் செய்தார்கள். இன்றும் தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டுப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குத்தான் புறப்படுகிறார். அங்கே நடப்பதைப் பூசை என்றுதான் சொல்கிறார்.