நாடகத் திரையிலிருந்து நகரக் காட்சிக்கு: ஓவியர் கானலெட்டோவின் வாழ்க்கை

வெனிஸ் நகரை நேரில் கண்டிராதவர்களுக்கும் அதன் கால்வாய்களும் மாளிகைகளும் பழகியவை போலத் தோன்றுவதற்கு, 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் கானலெட்டோ ஒரு முக்கியக் காரணம். நகரத்தை உள்ளது உள்ளபடி தைல வண்ணத்தில் தீட்டியவர் என்று புகழப்படும் அவர், அக்கலையின் அரிச்சுவடியைக் கற்ற இடம் வீதியன்று; நாடக அரங்கம்.

ஜியோவானி அன்டோனியோ கனால் என்பது அவரது இயற்பெயர். 1697 அக்டோபரில் வெனிஸில் பிறந்தார். தந்தை பெர்னார்டோ கனால், நாடக அரங்குகளுக்குத் திரைகள் தீட்டும் ஓவியர். மகனுக்கு ஆசானும் அவரே. சின்ன கனால் என்னும் பொருளில் 'கானலெட்டோ' என்ற பெயர் நிலைத்தது. தட்டையான சீலையில் நெடிய தூண் வரிசையையும் அகன்ற முற்றத்தையும் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கும் கணக்கு அவருக்குத் தந்தையின் பட்டறையிலேயே கைவந்தது. 1719-இல் தந்தையுடன் ரோம் சென்று, ஸ்கார்லாட்டியின் இசை நாடகங்களுக்குக் காட்சித் திரைகள் தீட்டினார். அந்தப் பயணத்துக்குப் பின் அரங்கத் தொழிலைத் துறந்து, நகரக் காட்சிகளின் பக்கம் திரும்பினார்.

தொடக்க கால ஓவியங்களில் நிழல் அடர்ந்திருக்கும். தூரிகை வீச்சும் தாராளமாக இருக்கும். 1725-ஐ ஒட்டித் தீட்டிய 'கல் தச்சர் முற்றம்' இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அதில் தவறி விழுந்த குழந்தையை நோக்கி ஒரு பெண் ஓடுகிறாள்; உலர்த்திய துணிகள் தொங்குகின்றன; கற்கள் இறைந்து கிடக்கின்றன. பின்னாளில் அவர் தீட்டிய பளிச்சிடும் படகுத் திருவிழாக் காட்சிகளைவிட இந்த எளிய முற்றமே உயர்ந்தது எனலாம்.

பிற்காலத்தில் அவரது முறை மாறியது. வெளிர் நிறப் பூச்சின் மீது அளவுகோலும் கவராயமும் கொண்டு கட்டட விளிம்புகளையும் வளைவுகளையும் வகுத்துக்கொண்டார். தெருவில் நின்று எடுத்த கோட்டுச் சித்திரங்களில் நிறங்களையும் இடப்பெயர்களையும் குறித்துவைத்தார். ஆயினும் ஓவியத்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து கண்ட தோற்றங்களை ஒன்றாக இணைத்தார். தேவைப்பட்டால் கால்வாயை அகலப்படுத்தினார். நாடகக்காரரின் கை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அதே வேளையில், சுவர்களில் பாசி படிந்த கோட்டை அவரும் அவரது மருமகன் பெல்லோட்டோவும் மிகத் துல்லியமாகத் தீட்டினர். அக்கோட்டை இன்றைய பாசிக் கோட்டுடன் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அக்காலத்துக்குப் பின் வெனிஸில் நீர்மட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதாகக் கணித்துள்ளனர்.

ஐரோப்பியச் சுற்றுப்பயணம் வந்த ஆங்கிலச் செல்வந்தர்களே அவரது முதன்மை வாடிக்கையாளர்கள். வெனிஸில் வாழ்ந்த ஆங்கில வணிகர் ஜோசப் ஸ்மித், தமக்கென வாங்கியதோடு பிறருக்கும் தருவித்துக் கொடுத்தார். 1740-இல் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டபின் பயணிகள் வரத்து குறைந்தது. வாடிக்கையாளர்கள் வராத நிலையில் அவர்களைத் தேடி 1746-இல் கானலெட்டோ லண்டன் சென்றார். அங்கு அவர் உண்மையான கானலெட்டோ அல்லர் என்ற வதந்தி கிளம்பியது. தமது இருப்பிடத்துக்கு வந்து ஓவியத்தைப் பார்வையிடுமாறு 1749-இல் நாளிதழில் விளம்பரம் செய்தார். ஐரோப்பாவே அறிந்த ஓவியர் ஒருவர், தாம் தாமே என்று காட்டவேண்டிய நிலை!

1750-களின் நடுப்பகுதியில் தாயகம் திரும்பினார். நகரக் காட்சி ஓவியம் தாழ்ந்த வகையாகக் கருதப்பட்டதால், வெனிஸ் ஓவியக் கழகம் 1763-இல்தான் அவரை உறுப்பினராக ஏற்றது; அதே ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை நிராகரித்தும் இருந்தது. உறுப்பினரான பின் அவர் கழகத்துக்கு அளித்தது வெனிஸ் காட்சி அன்று. கற்பனையான தூண் மண்டபம்.

இதற்கிடையே, 1762-இல் ஸ்மித்தின் தொகுப்பை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 20,000 பவுண்டுக்கு வாங்கினார். கானலெட்டோவின் சுமார் 50 தைல வண்ண ஓவியங்கள் அதில் இருந்தன. 1768 ஏப்ரல் 19 அன்று கானலெட்டோ மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர் விட்டுச்சென்ற உடைமைகளில் பழைய ஆடைகளும் சிறிதளவு பணமும் விற்காத 28 ஓவியங்களும் இருந்தன.