ஈயத்தூளைத் தேடிய அம்மையார்

என் தந்தை ஈயம் உருக்கும் பட்டறையில் கூலி வேலை செய்கிறார். சோறு உண்ணுமுன் கையைக் கழுவினால் எந்தக் கெடுதலும் வராது என்பார்கள் அங்கே. ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரைப் பற்றி நான் படித்தது அதனால்தான்.

1869-இல் அமெரிக்காவில் பிறந்து, 1893-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். சிகாகோவில் ஏழைத் தொழிலாளர் நடுவே வாழ்ந்தார். 1910-இல் இல்லினாய் மாநிலத்தின் தொழில்நோய் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். ஆலைக்குள் தூசி எங்கே கிளம்புகிறது, புகை எங்கே எழுகிறது என்று நேரில் பார்த்தார். மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார். தொழிலாளர் வீடுகளுக்கே சென்று விசாரித்தார். கழுவாத கைதான் காரணம் என்று முதலாளிகள் சாதித்தார்கள். (இங்கும் அதே பேச்சுத்தானே!) மூச்சோடு உள்ளே போகும் ஈயத்தூளும் ஆவியுமே பெருங்காரணம் என்று அம்மையார் எடுத்துக்காட்டினார். தூசியை அடக்க வேண்டியது ஆலையின் பொறுப்பு என்றாகிவிட்டது.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார். ஆனால் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்க அவருக்கு அனுமதி இல்லையாம்! 1970 செப்டம்பரில், 101 வயதில் மறைந்தார். பணியிடக் காற்றில் நச்சுக்கு அளவு விதிக்க வழிசெய்த சட்டம் அந்நாட்டில் அதே டிசம்பரில் நிறைவேறியது.

சென்ற விடுமுறையில் சோறு கொண்டுபோனபோது, உலைக்கு மேலே புகைக்கூண்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அப்பா கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.